விசிலக்கா பார்த்துக் கொடுத்த இடம்

முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவள் எங்கள் விசிலக்கா. அவள் ஊதினால் பேருந்து மட்டுமல்ல, பக்கத்து ஊரில் ஓடும் ரயிலும் நின்றுவிடும். ஒரு தடவை கல்யாண ஊர்வலமே நின்றுபோய், மாப்பிள்ளை இன்னும் அங்கேயே நிற்பதாகக் கேள்வி.

ஓய்வு பெற்றபின், போருக்குத் தப்பி வந்த குடும்பங்களுக்குத் தள்ளுவண்டி வாங்கித்தரும் சங்கத்தில் சேர்ந்தாள். வண்டிக்கு இடம் பார்த்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. எந்த நிறுத்தத்தில் பசியோடு இறங்குவார்கள், எதில் தூங்கி வழிந்துகொண்டு இறங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லா வண்டிகளும் பிழைத்துக்கொண்டன, டீக்காரியின் வண்டியைத் தவிர. பழைய பேருந்து நிலையத்தைவிட்டு நகரமாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள். அங்கே நாளைக்கு மூன்று பேருந்து வந்தால் அதிகம்.

"உன் டீயைக் குடிக்க யாருடி வருவா? அந்தத் தூணா?"

"இங்கயே இருந்துக்கிறேனேக்கா."

வியாபாரம் நடக்காத வண்டியை மூன்று மாதத்தில் சங்கம் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடும். டீக்காரிக்கோ இரண்டு பெண் குழந்தைகள். விசிலக்கா தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். முதல் நாளே மத்தியானத்துக்குள் பால் தீர்ந்துவிட்டது.

பதினேழாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே டீக்காரி சொன்னாள்: "எல்லையில கூட்டத்துல தங்கச்சி கை நழுவிடுச்சுக்கா. பஸ் வந்து நிக்கிற எடத்துல இருப்பேன், வந்துடுன்னு கத்தினேன். எல்லை பஸ்ஸு பழைய ஸ்டாண்டுக்குத்தானே வருது."

"அடிப்பாவி! மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"அவ வரமாட்டான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."



மறுநாள் விசிலக்கா பழைய நிலையத்துக்கு ஓடினாள். ஓட்டுநர் ஒருவர் தலையைச் சொறிந்தார். "போன வாரமோ, அதுக்கு முந்தியோ... ஒரு பொண்ணு பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்துச்சு. அப்புறம் காணோம்."

யாரந்தப் பெண், எங்கே போனாள்? விசிலக்கா விசாரிக்காத கடை இல்லை, ஏறி இறங்காத முகாம் இல்லை. டீக்காரியிடம் மட்டும் பெஞ்சில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்லவே இல்லை.

இப்போது இரண்டாவது வருடம். மூன்று பேருந்துக்கும் விசிலக்கா பழைய நிலையத்தில் இருக்கிறாள். இறங்கும் பெண்களை எல்லாம் மறித்து, "உனக்கு அக்கா இருக்காளா?" என்கிறாள்.

"இருக்கா. ஏன், மாப்பிள்ளை வச்சிருக்கீங்களா?" என்று கேலி பேசிவிட்டுப் போகிறார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறாள். டீக்காரி முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறாள்.

"இன்னிக்கு எத்தனை பொம்பளைங்கக்கா?"

"நாலு பேரு. நாலு பேரையும் கேட்டுட்டேன்."

"டீ ஆறிடும், குடிங்க."