காடா பட்டணமா என்று அம்மனைக் கேட்டது

கோடை விடுமுறையில் கடலோரக் கோடிக்கரைக் காட்டுக்கு முதலில் போவதா, சென்னைக்கா? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை.

மகளின் இருமல் புகையில்லாத காட்டுக் கடற்காற்றில் குணமாகும் என்றார் வைத்தியர். இருமல் கூடிவிட்டால், காட்டில் மான்களிடமா மருந்து கேட்பது? சென்னையில் ஆஸ்பத்திரி உண்டு. படித்தவளாகையால் கரூர் ரயில் அட்டவணையைப் பார்த்தேன். பிறகு மாரியம்மனிடம் பூக்கேட்கப் போனேன். வெள்ளைப் பூ வந்தால் காடு, சிவப்பு வந்தால் சென்னை.

பூசாரி மடித்துப் போட்ட இரண்டில் மகள் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. பயந்து, மறுபடி எடுக்கச் சொன்னேன். சிவப்பு. பட்டணத்துக் கூட்டத்தில் வேறு நோய் ஒட்டிக்கொண்டால்? மூன்றாம் முறையும் கேட்க வாயெடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, இன்னொருக்காக் கேட்டா ஆத்தாளே ரயிலேறிப் போயிருமுங்க!" என்றார் பூசாரி.

இருமும் குழந்தையோடு இப்படிப் போய்வந்த தாய்மார்களே, எதை முதலில் பார்த்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். ஆளுக்கொன்றாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.