பன்னிரண்டு அடிக்கு ஒரு முளை

ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் ரோஷானிக்கு வாய்த்த கெட்ட காலம், தொழிலாளர் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டிலேயே தனுஜா பிறந்திருந்ததுதான். இருவருக்கும் ஒரே வயது. ரோஷானிக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. தனுஜா ஒவ்வொரு கணக்கையும் மூன்று தரம் அழித்து எழுதுவாள். இருந்தும் லயத்துச் சனம் இருவரையும் ஒரே மூச்சில்தான் பேசியது. "நம்ம ரெண்டு புள்ளைகளும் கணக்குல கெட்டி" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு ரோஷானிக்குச் சோறு இறங்காது. அந்த 'ரெண்டு' தொண்டையிலேயே நிற்கும்.

ரோஷானியின் அப்பா அந்தனி மலையில் கான் என்கிற வடிகால் வெட்ட அளந்து முளைக்குச்சி அடிப்பவர். மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் வடிய வேண்டுமானால் கான் எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் ஓட வேண்டும். பன்னிரண்டு அடிக்கு ஒரு முளை. முளைக்கு முளை எத்தனை அங்குல இறக்கம் என்று பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். லீவு நாளெல்லாம் அவருக்கு முளை பிடித்த ரோஷானிக்கு, உலகத்துச் சாய்வெல்லாம் அப்படித்தான் என்று ஒரு நினைப்பு. உயர்தர வகுப்பில் கணக்கு வாத்தியார் பளீல் சேர் 'படித்திறன் என்றால் கோட்டின் சாய்வு' என்று ஆரம்பித்ததும் "இது எங்க வீட்டுச் சமாச்சாரம்" என்று தலையைத் தூக்கி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் ஒருவர் தேவைப்பட்டார். ஒரே ஓர் இடம். கிடைத்தால் டீச்சர், கிடைக்காவிட்டால் தைக்கிற பெக்டரி. விண்ணப்பித்தது யார் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பரீட்சைத் தாளைப் பளீல் சேரே தயாரித்தார்.

பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் தனுஜா கோடு போடுகிற அடிமட்டமும் வரைபுத்தாளுமாக ரோஷானியின் வாசலுக்கு வந்தாள்.

"ரோஷானி, நீ அடுக்குக்குறி வளையியிலயும் கான் முளை மாதிரி ரெண்டு இடத்த புடிச்சுப் பாக்குறடி. இது போகப்போக சாய்வு கூடிக்கிட்டே போற வளைஞ்ச கோடு. கேட்ட புள்ளியில மட்டும் அடிமட்டம் தொடணும். அந்தத் தொடலியோட சாய்வத்தான் எடுக்கணும்."

"எனக்கே சொல்லித் தாறியா?"

"இல்லடி, நாளைக்கி இது வந்தாலும் வரும்."

ரோஷானி சிரித்தாள். உள்ளுக்குள் வயிறு பற்றி எரிந்தது. இருப்பது ஒரே இடம். அதற்குப் போட்டி போடுகிறவள் எதற்கு வீடு தேடி வந்து வழி சொல்கிறாள்? குழப்பத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக் கதவைச் சாத்தினாள். பொறாமை பிடித்த மனசுக்கு நல்லதைக் கண்டால்தான் சந்தேகம் அதிகம்.

கேள்வி வந்தே விட்டது. இரண்டின் அடுக்கு x; அதன் வரைபை வரைந்து, x மூன்றாக இருக்கும் இடத்தில் படித்திறனை மதிப்பிடு. ரோஷானி வரைந்த வளையி அச்சடித்த மாதிரி இருந்தது. மூன்றில் ஒரு முளை, உயரம் எட்டு. நான்கில் ஒரு முளை, உயரம் பதினாறு. ஏற்றம் எட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள். தனுஜாவோ மூன்று தரம் அழித்து, வளையியை ஓரிடத்தில் மட்டும் தொடும்படி அடிமட்டத்தை வைத்து, ஐந்தரை என்று எழுதினாள்.

ஐந்தரைதான் சரி. அந்தக் கேள்விக்கு ஐந்து புள்ளி. ரோஷானி தோற்றது மூன்று புள்ளியில்.

பிறகு ஒன்பது வருஷம் குருவிட்டவில் சட்டைக்குக் கொலர் தைத்தாள். நடுவில் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. லீவில் வரும்போதெல்லாம் தனுஜா குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போவதைக் கதவிடுக்கால் பார்ப்பாள். அந்தக் குடைமேல்கூட அவளுக்குக் கோபம்.

இரண்டாயிரத்து ஒன்பதில் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க ஃபோர்மோடு போனாள். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. உயர்தரப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குத் தனுஜா பின்னேர வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் அதே வளையி. ரோஷானி அரைச்சுவருக்கு வெளியே நின்றாள்.

"மூணுல ஒரு முளை, நாலுல ஒரு முளை. சாய்வு எட்டு. சரி, ரெண்டாவது முளைய மூணரைக்கி கொண்டு வாங்க. ஆறரைக்கி கொஞ்சம் மேல. மூணே காலுக்கு கொண்டு வாங்க. ஆறுக்குக் கிட்ட. இன்னும் நெருக்குங்க, அஞ்சரைக்கே வந்துரும். இந்த முளைப் புத்தி என்னோடது இல்ல, ரோஷானின்னு என் கூட்டாளியோடது."

ரோஷானிக்குக் காது சுட்டது. முளையை நெருக்கி அடித்திருந்தால் போதுமா! ஒன்பது வருஷம் அந்த எட்டை நினைத்து அழுதவளுக்கு இது தோன்றவே இல்லையே!

பிள்ளைகள் போனதும் தனுஜா வெளியே வந்தாள். ரோஷானியால் வாயை அடக்க முடியவில்லை.

"அன்னிக்கி நீ சொன்னத நான் கேட்டிருந்தா, இந்த வேல எனக்குத்தானே கெடச்சிருக்கும்?"

"ஆமா," என்றாள் தனுஜா, கையிலிருந்த சோக் தூளைத் தட்டியபடி. "அது தெரிஞ்சுதான் வந்து சொன்னேன்."

ரோஷானி ஃபோர்மை நீட்டினாள். வயிறு அன்றைக்குப் போலவே எரிந்தது. டீச்சர் வேலையை வேண்டுமானால் முட்டி மோதியாவது வாங்கியிருக்கலாம். இவளுடைய இந்த மனசை எங்கே போய் வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.