பிள்ளை பிடிக்கும் வாத்தியார்

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் என் தம்பிக்கு வைத்திருந்த பெயர் 'பிள்ளை பிடிக்கிற வாத்தியார்'. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த மறுநாளே அவன் தோளில் ஒரு பை ஏறிவிடும். பை நிறைய வழவழப்பான விளம்பரத் தாள்கள். பள்ளி முடித்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பான். வேலை பார்க்கும் கல்லூரிக்கு ஆள் சேர்க்க வேண்டுமே. அந்தப் பெயரைக் கேட்டு அவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. நானும் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வாத்தியார் வேலைக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், வாயைக் கழுவு என்றிருப்பேன்.

அதிலும் இவன். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைக் கிள்ளுவான். கேட்டு வாங்குவது என் வேலை, தூக்கிக்கொண்டு வருவது அவன் வேலை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும். ஆனால் கையில் சாக்கட்டி கிடைத்துவிட்டால் ஆளே வேறு. புள்ளியியல் பாடத்தின் முதல் வகுப்பில் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைக்கச் சொல்வான். சராசரி எங்கே நிற்கிறது, இடைநிலை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு செருப்பாகக் காட்டுவான். அவனிடம் படித்தவர்கள் இன்றைக்கும் வழியில் பார்த்தால் அந்தச் செருப்புக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

அவன் கல்லூரித் தாளாளர் முன்பு தரை ஓடு வியாபாரம் செய்தவர். ஒரு கோடையில் ஆசிரியர்கள் எல்லாரையும் கூட்டி, வகுப்பு காலியாக இருந்தால் உங்களுக்கு எதற்குச் சம்பளம், ஆளுக்கு இத்தனை பிள்ளை கொண்டுவாருங்கள், கொண்டுவராதவர்கள் அடுத்த வருஷம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பி வந்து இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட அதிர்ச்சி, அந்த மனிதர் சொன்னதில் வியாபாரக் கணக்குப்படி ஒரு தப்பையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. சரக்கு, சந்தை, வாடிக்கையாளர் என்று வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த எல்லாம் அதில் இருந்தது. கல்லூரியும் ஒரு கடைதான் என்று மட்டும் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

முதல் வருஷம் அவன் யார் வீட்டு மணியையும் அடிக்காமல் தெருவிலேயே நின்றுவிட்டு வந்தான். தம்பி மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "வேலை போனா வீட்டை யாரு பார்க்கறது?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு வீட்டு மணியை அடித்தான். பிறகு பழகிப்போனது. அவனுக்கு ஒரு வசதி, பார்த்தாலே நம்பத் தோன்றும் முகம். அதிர்ந்து பேச மாட்டான், எதையும் அடித்துச் சொல்ல மாட்டான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அதிலேயே மயங்கிப் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அவன்தான் கல்லூரியில் முதல் ஆள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று நான் கேலி செய்தேன். கேலியாகத்தான் சொன்னேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல்காரம்மாவின் கடை. முன்னால் இரண்டு மெஷின், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவரும் அவர் மகளும் குடியிருக்கும் அறை. அந்தப் பெண்ணும் என் தம்பி மகளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்கள் வீட்டுப் பெண் படிப்பாள். அந்தப் பெண்ணுக்கோ கணக்கு என்றால் உயிர். துணி வெட்டி மிஞ்சிய காகிதத்திலெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருப்பாள். அரசுக் கல்லூரியில் கணிதத்துக்கு அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதே படிப்புக்கு விண்ணப்பித்த எங்கள் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. யாராவது வராமல் போனால் அடுத்து அவளைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் தலையணை உறை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அப்போது தம்பி பையோடு உள்ளே வந்தான். அந்த வருஷம் அவனுக்கு இன்னும் ஒரு ஆள் குறைந்தது, எனக்குத் தெரியும். ஆனால் பேச்சை அவன் எடுக்கவில்லை. தையல்காரம்மாதான் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"சார், எங்களுக்கு என்ன தெரியும்? அரசு காலேஜ்ல கணக்கு கிடைச்சிருக்கு. உங்க காலேஜ்ல ஏதோ புதுசா வந்திருக்காமே. உங்க பொண்ணா இருந்தா எதுல சேர்ப்பீங்க?"

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். டேட்டா சயின்ஸ் என்று புதுப் படிப்பு, கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்தது, படித்து முடித்தால் வேலை தேடி அலைய வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னான். யார் பாடம் எடுப்பார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நானே எடுப்பேன் என்றான். அவன் எடுப்பான் என்றால் சரிதான் என்று எனக்கும் பட்டது. அந்த வாரமே தையல்காரம்மா மகளின் மூலச் சான்றிதழ்களை எல்லாம் அவன் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் பெண்ணை அரசுக் கல்லூரியில் கூப்பிட்டார்கள். வீட்டில் ஒரே கொண்டாட்டம். தையல்காரம்மா மாடியேறி வந்து இவளுக்கு அளவெடுத்துக்கொண்டு போனார். இரண்டு பெண்களுக்கும் ஒரே துணியில் சட்டை தைத்தார். கூலி வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார். சாருக்கு நான் இதுகூடச் செய்யக் கூடாதா என்று கேட்டார்.

கல்லூரி திறந்த அன்று இரண்டு பெண்களும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒருத்தி கிழக்கே, ஒருத்தி மேற்கே போனார்கள். தையல்காரம்மாவின் பெண் மதியமே திரும்பிவிட்டாள். புதுப் படிப்புக்குப் போதுமான ஆள் சேரவில்லை, அதனால் இந்த வருஷம் ஆரம்பிக்கவில்லை, சேர்ந்தவர்களை வணிக நிர்வாக வகுப்புக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சான்றிதழைத் திருப்பிக் கேட்டதற்கு, முழுப் படிப்புக்கும் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்றார்களாம். தம்பிக்கும் இது பேரிடியாக இருக்கும், பாவம், அவனையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் எங்கள் பெண் வந்தாள். அடுக்களையில் என் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, ஆபீஸ்ல விசாரிச்சேன். அவ வரலன்னு சொன்னதாலதான் அந்த எடத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்களாம். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

இவ்வளவு காலமும் கண்ணுக்கு முன்னால் இருந்ததை ஒரு பொருளாதார வாத்தியாருக்கு, இடம் எத்தனை, ஆள் எத்தனை என்றே பேசித் தொண்டை வற்றியவளுக்கு, கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று பெண் கேட்டாள். கொடுத்தால் அது அவளுக்குப் போகாது, வரிசையில் அடுத்து நிற்கும் யாருக்கோ போகும் என்று சொன்னேன்.

தம்பி வந்ததும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். காய்ந்த துணிகளுக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்டேன். படிப்பு ஆரம்பிக்காமல் போகலாம் என்று உனக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றான். மண் குதிரை என்று தெரிந்தே ஆற்றில் இறக்கிவிட்டாயா என்றேன். அடுத்ததைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"நம்ம பொண்ணுக்கு எடம் கிடைக்கணும்னு நெனைச்சுத்தான் பேசினியா?"

"இல்லக்கா. அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து பேசும்போது நெனைக்கல. எனக்கு ஒரு ஆள் குறையுதுன்னு மட்டும்தான் நெனைச்சேன். பேசிட்டு மாடிப்படி ஏறும்போது நெனைச்சேன். நெனைச்ச பிறகும் திரும்பி எறங்கல."

நான் அவனை அடித்ததில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை, ஆனால் கை எழுந்தது. இவன் தாளாளராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவன் என்னைக் கிள்ளிக்கொண்டு நின்ற பையன். வேலியே பயிரை மேய்ந்தது என்று அடுத்தவர்களைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டு வேலி என்றதும் வார்த்தை வரவில்லை. கீழே போய் அவங்ககிட்ட நீயே சொல்லு என்றேன். எப்படி என்று கேட்டான். மாடிப்படி வழியாக என்றேன்.

நாங்கள் போனபோது தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ஒரு திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். மகள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி ஸ்டூலில் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னான். அரசுக் கல்லூரி இடம் யாருக்குப் போனது என்பதையும் சொன்னான். அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சில் குத்தினார்.

மகள்தான் முதலில் பேசினாள். "அப்ப நான் கணக்கு படிக்க முடியாதா சார்?"

சான்றிதழை நாளைக்கே எப்படியாவது வாங்கித் தருகிறேன், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றான். அவள் பொத்தானைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். தையல்காரம்மா என்னைப் பார்த்து, உங்களுக்கு எப்போது தெரியும் டீச்சரம்மா என்றார். இன்றைக்குத்தான் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு அவனிடம் திரும்பினார்.

"என் பொண்ணுக்குச் செஞ்சதை நான் மறக்க மாட்டேன் சார். அதை அப்புறம் பேசிக்கலாம். நான் சொல்லித்தான் பின் தெருவுல ரெண்டு வீட்டுல பொண்ணுங்களை இதே படிப்புல சேர்த்தாங்க. சாரே சொல்லிட்டார், கண்ணை மூடிக்கிட்டுச் சேருங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்களுக்கு இப்ப யார் பதில் சொல்றது?"

எனக்கு இது தெரியாது. தம்பிக்கும் இது தெரிந்திருக்கவில்லை. இரண்டு பெண்கள் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று தாளாளர் கூட்டத்தில் அவனுக்குக் கைதட்டச் சொன்னாராம். அவர்கள் தாங்களாக வந்ததாக அவன் நினைத்திருந்தான்.

தையல்காரம்மா மெஷினுக்கு உறையை மாட்டினார். கடை விளக்கை அணைத்தார். "வாங்க சார். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார். தம்பி பழக்கத்தில் தோள் பையைச் சரிசெய்தான். அது எதுக்கு என்று அவர் கேட்டதும் கழற்றி ஸ்டூல்மேல் வைத்தான். அவன் போகாமல் நழுவிவிடுவானோ என்று எனக்கு உள்ளூரப் பயம். நானும் பின்னாலேயே போனேன்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த அம்மாவுக்கு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் திரும்பி, "நம்ம சார் வந்திருக்கார், வெளிய வா" என்று மகளைக் கூப்பிட்டார். நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். தம்பி உட்காரவில்லை. சின்ன வயதில் கடை வாசலில் என் முதுகுக்குப் பின்னால் நின்ற அதே முகத்தோடு, நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.