அன்னூர்க்காரரின் மேசை

ரவிக்கைக் கொக்கி வாங்க முக்குக் கடையில் நின்றிருந்தபோது கடைக்காரர் சொன்னார்: "ஏனுங்கக்கா, சேதி தெரியுமுங்களா? பழைய சாமான் கடை பாய் காலையில மவுத்தாயிட்டாருங்க. நெஞ்சு வலியாமா." கொக்கியை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். எங்கள் சண்டை முடியவில்லை. அதற்குள் அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

கமால் பாய் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உக்கடம் பக்கம் ஒரு சந்தில், மூடிப்போன மில்களிலிருந்து ஏலத்தில் எடுத்த சாமான்களை அடைத்து வைத்துக் கடை நடத்தினார். வார்ப்பிரும்பு ஸ்டூல்கள், நூல் வண்டிகள், தொழிலாளர்கள் சாப்பாட்டுத் தூக்கு வைத்த இரும்பு அலமாரிகள், குமாஸ்தாக்களின் சாய்வு மேசைகள். ஒருக்களித்துத்தான் உள்ளே நடக்க முடியும். யார் போனாலும், "பாக்கறதுக்கு என்னுங்க, நல்லாப் பாருங்க" என்பார். உட்காரச் சொல்வார், டீக்குச் சொல்லி அனுப்புவார். பார்க்கிற வரைக்கும் எல்லாம் சுகம்தான். வாங்கப் போனால்தான் வம்பு.

எங்கள் பக்கம் எந்தக் கடையை விட்டு இறங்கினாலும், எதுவுமே வாங்காவிட்டாலும், "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம். 'கிளம்புகிறேன்' என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த ஊரில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும். பாய்க்கு மட்டும் தெரியாது. யாராவது ஒரு பொருளைத் தடவிப் பார்த்துவிட்டு "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், அந்தப் பொருள் அப்படிச் சொன்னவருடையது. அவர் வரும்வரை வேறு யாருக்கும் கிடையாது. ஒரு டாக்டர் சுழல் ஸ்டூல் ஒன்றைக் கேட்டு மன்றாடினார். "சத்தியமங்கலத்து வாத்தியாரு ஒருத்தரு வாரேன்னுட்டுப் போயிருக்காருங்க" என்று கையைப் பிசைந்தார் பாய். டாக்டர் கத்திவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

அப்போதுதான் நான் வீட்டு முன்னறையில் தையல் யூனிட் ஆரம்பித்திருந்தேன். பள்ளிச் சீருடைதான் பிழைப்பு. தரையில் மண்டி போட்டுத் துணி வெட்டி வெட்டி முட்டி வீங்கிக் கிடந்தது. பாய் கடையின் பின்பக்கம், மில்லில் துணியை விரித்துச் சோதிக்கிற நீளமான தேக்கு மேசை ஒன்று இருந்தது. என் அறைக்கென்றே செய்தது போல.

"அது அன்னூர்க்காரரோடதுங்க அம்மணி."

"பணம் குடுத்துட்டாருங்களா?"

"இல்லீங்க. வாரேன்னாரு."

"எப்பங்க?"

"போன தீவாளிக்கு முன்னாடி."

நானும் விடவில்லை. உக்கடம் பக்கம் போகும்போதெல்லாம் ஏறி இறங்கினேன். ஒருநாள் ஓர் இரும்பு அலமாரியைக் காட்டி, "இது யாருதுங்க, பொள்ளாச்சிக்காரருதா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"உங்களுதுங்களே அம்மணி" என்றார் பாய். முதல்முறை வந்தபோது அதன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வாரேன் என்று சொல்லிப் போனேனாம். அன்றிலிருந்து எத்தனை பேர் கேட்டும் அவர் கொடுக்கவில்லையாம்.

"அப்ப இதை வித்துப்போடுங்க. அந்த மேசையக் குடுங்க."

"உங்களுத வேண்டாம்னு நீங்க சொல்லலாமுங்க. அவருத அவருல்ல சொல்லோணும்?"

இந்த மனிதரிடம் என்னதான் பேசுவது?

அந்த ஜூன் மாதம், தரையில் துணி நழுவி ஒரு கட்டுப் பாவாடை முழுக்கக் கோணலாக வெட்டுப்பட்டது. பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனிமேல் ஆர்டர் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். நேரே கடைக்குப் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். பாய் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டார். மறுநாள் கடை பூட்டியிருந்தது. விசாரித்தால், மேசைக்காரரைத் தேடி பஸ் ஏறி அன்னூர் போயிருக்கிறார் என்றார்கள். பேர் தெரியாது, தெரு தெரியாது. பெரிய மீசை, பச்சை மோட்டார் சைக்கிள். அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரையே கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் சட்டையெல்லாம் புழுதியாக வந்து என் வாசலில் நின்றார். "ஆளு கெடைக்கலீங்க அம்மணி."

"அவரு வரமாட்டாருங்க பாய்! அது சும்மா சொல்றதுங்க!"

"வாரேன்னவர வரமாட்டாருன்னு நான் எப்படீங்க சொல்லுவேன்?"

கொடுத்துவிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. அதற்குப் பதிலாக ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு வந்து நிற்கிறார். அவரைத் திட்டவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் கதவைச் சாத்தினேன். அதன்பிறகும் தரையில்தான் வெட்டினேன். வெட்டும்போதெல்லாம் அவரைத் திட்டினேன். கடையில் வரும்படி இல்லாமல், பாயின் மகன் ரபீக்கின் ஒர்க்ஷாப் சம்பளத்தில்தான் அவர்கள் வீடு ஓடியது. அப்படியும் பாய் மாறவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ரபீக் நாற்காலி போட்டார். கடையைக் காலி செய்யப் போவதாகச் சொன்னார்.

"அந்த மேசைய நீங்களே எடுத்துக்குங்கக்கா. இனி யாரு கேக்கப் போறாங்க?"

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை காலம் ஏறி இறங்கினேன். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அன்னூர்க்காரரு வந்தா என்னங்க சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே திடுக்கென்றது. ரபீக் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டார்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. செருப்பை மாட்டினேன். வாய்வரை வந்த "வாரேனுங்க"வை விழுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அந்த ஒரு சொல்லைக் கடைசிவரை நம்பிய மனிதரிடம் அதைச் சொல்லாமல் வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.