குள்ளர்களுக்கு நடுவே நிறுத்தப்பட்ட என் மாப்பிள்ளை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று இரண்டு மாடி எலெக்ட்ரிகல் கடைக்கு முதலாளி. யார் தயவிலும் வரவில்லை. ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படி நானே பார்த்துத் தங்கைக்குக் கட்டிவைத்தவன்தான், ஒட்டடைக்குச்சி என்று தெருவே கூப்பிடும் என் மாப்பிள்ளை. ஆறரை அடி எலெக்ட்ரீஷியன். கையை நீட்டியே பல்பு மாற்றுவான். வேலைக்குப் போன வீட்டில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுவான்.

எங்கள் தெரு மருந்துக்கடையில் ஜன்னல் கம்பியை வெட்டி எவனோ கல்லாவைத் துடைத்துக்கொண்டு ஓடினான். எதிர்வீட்டு டீச்சரம்மா இருட்டில் பார்த்தாராம். "நெட்டையா ஒருத்தன்" என்றார். அவ்வளவுதான், போலீஸ்காரர்கள் இவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடையாள அணிவகுப்பு என்று ஒரு கூத்து. வரிசையில் நிற்பவர்களில் திருடனைச் சாட்சி காட்ட வேண்டும். கூட நிறுத்திய எட்டுப் பேரில் ஒருவன்கூட இவன் தோளுக்கு வரவில்லை.

"கண்ணைக் கட்டி விட்டிருந்தாலும் என்னத்தான் தொட்டிருப்பாங்க மச்சான்" என்றான்.

டீச்சரம்மா நல்லவர். கூண்டிலேறி, "முகம் தெரியலைங்க. அந்த வரிசையில இவர்தான் நெட்டை" என்று உடைத்தே சொன்னார். அப்படியும் ஏழு வருஷம் போட்டார்கள். அப்பீலுக்குப் போனேன். அவன் உள்ளே கிடக்க, அதுவே இரண்டு வருஷம் இழுத்தது. தங்கை சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

தீர்ப்பன்று வக்கீல் சொன்னார்: "அணிவகுப்பு நடத்தின விதம் தப்புன்னு ஜட்ஜுங்க ஒத்துக்கிட்டாங்க ஐயா. ஆனா அதனால பாதகம் இல்லையாம். மத்த சாட்சியமே போதுமாம்."

"என்னய்யா மத்த சாட்சியம்?"

"அவர் பையில கட்டிங் பிளேயர் இருந்துச்சே."

"எலெக்ட்ரீஷியன் பையில பின்ன லிப்ஸ்டிக்கா இருக்கும்?"

வக்கீல் கோட்டை மடித்தார்.

 என் கடைப் பையன் ஒருவன் ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் கம்பியைக் கொடுக்காமல் வந்து, "தப்புதான், ஆனா லைட்டு எரியுதே" என்று பல்லிளித்தால் செவிட்டில் ஒன்று விட்டுத் துரத்துவேன். இவர்களோ அதையே நாற்பது பக்கம் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்கள்.

சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றான்.

"தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களா மச்சான்?"

"ஒத்துக்கிட்டாங்க."

முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப என்னிக்கு விடுறாங்க?"



"இன்னும் அஞ்சு வருஷம் மாப்ள."

அவன் சிரிப்பை உடனே எடுக்கவில்லை. வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. காவலர் கம்பியைத் தட்டினார். வெளியே வந்து, அந்தச் சுவரிலேயே காறித் துப்பினேன்.