மைசூருக்கு ஒரு சாம்பிள் பயணம்

எண்பத்திரண்டோ எண்பத்துமூன்றோ, வருடம் சரியாக நினைவில்லை. பொங்கல் முடிந்த சமயம். ஆம்பூரில், ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பேர்தான் டைப்பிஸ்ட். பாக்கிங் லிஸ்ட் அடிப்பது, வெளிநாட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவது, பெட்டி மூடுவதற்கு முன் சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று எல்லாம் என் தலையில்தான் விடியும். முதலாளி முஸ்லிம். எங்கள் பக்கத்துப் பல தோல் கம்பெனிகளைப் போல அங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் கிறிஸ்தவப் பெண் என்பதால் ஞாயிறு மட்டும் ஆராதனை முடித்துப் பத்து மணிக்கு வர அனுமதி உண்டு. ஏழு வருடத்தில் ஒருநாள்கூட அதைப் பத்தே கால் ஆக்கியதில்லை. எனக்கு அப்படி ஒரு வீம்பு.

முதலாளியின் வீடு கம்பெனிக்குப் பின்னாலேயே இருந்தது. அவருடைய அக்காவை வீட்டில் எல்லோரும் ‘ஆப்பா’ என்பார்கள். உருதுவில் அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். கணவரை இழந்தவர், ஐம்பது வயதிருக்கும், யாருக்கும் பயப்படாத வாய். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, வீட்டுப் பெண்கள் பதினொரு பேருக்கும் மைசூர் பார்க்க ஆசை என்றார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுல்தானின் சமாதியையும் பார்க்க வேண்டுமாம். அவர் பிள்ளைகளை அடைத்து வைத்த வேலூர்க் கோட்டையை நூறு தடவை பார்த்தாயிற்று, அவரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்பது ஆப்பாவின் நியாயம்.

அந்தப் பெண்கள் ஊரைவிட்டு வெளியே போவதென்றால் கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு. வேறு எங்கே போகலாமென்று கேட்டாலும் ஆண்கள் அதே மூன்று கேள்வியைக் கேட்பார்கள். ஹலால் சாப்பாட்டுக்கு எங்கே போவீர்கள், எங்கே தொழுவீர்கள், வழியில் அவசரத்துக்கு எங்கே இறங்குவீர்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாததால் பேச்சு அதோடு நின்றுவிடும். பதில் கண்டுபிடிப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. கப்பலில் சரக்கு அனுப்புகிறவளுக்கு ஒரு வேனை மைசூருக்கு அனுப்பத் தெரியாதா என்ன?

கம்பெனி மெஷினிலேயே மூன்று நாள் புரோகிராமை மணிவாரியாக அடித்து, ஆப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைத் தம்பியிடம் நீட்டினார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நல்லாத்தான் அடிச்சிருக்கே. ஆனா சாம்பிள் பாஸ் ஆவாம நாம எப்பவாவது சரக்கு அனுப்பிருக்கோமா?”

பேச்சை முடிப்பதற்காக வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. “நான் போய் சாம்பிள் பாத்துட்டு வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டேன்.

வந்த வெள்ளிக்கிழமையோடு இன்னொரு நாள் லீவு போட்டு, அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒசூரில் என் சித்தி மகள் நர்ஸாக இருந்தாள். பதினொரு பேர் இறங்கி முகம் கழுவ அவள் குவார்ட்டர்ஸ் ஆயிற்று. பெங்களூர் தாண்டி, மைசூர் வழியிலுள்ள சென்னபட்டணத்தில் அவளோடு படித்த ஒரு டீச்சர் வீடு. மைசூரில் குழாயும் கழிப்பறையும் தனியாக உள்ள ஒரு லாட்ஜைத் தேடிப் பிடித்தேன். தொழுகைக்குத் திசை தெரிய வேண்டுமே. பக்கத்துப் பள்ளிவாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று நின்று கவனித்து, அறைச் சுவரில் பென்சிலால் சின்னதாக ஓர் அம்பு போட்டேன். லாட்ஜ் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் ஓட்டல் இருந்தது. பெண்களுக்குத் திரை போட்ட தனி அறை. கோழியை யார் அறுக்கிறார்கள், எங்கே அறுக்கிறார்கள் என்று கேட்டேன். என் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டு, உனக்கெதற்கம்மா இந்த விசாரணை என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, கொல்லைப்புறம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட நாங்கள் இவ்வளவு விசாரிக்க மாட்டோம் என்று முனகினார்.

புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘பாஸ்’ என்று அடித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலாளி வேனுக்குச் சொல்லி அனுப்பினார்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலைத் தொழுகை முடித்து வேன் கிளம்பியது. ஆண் துணைக்கு முதலாளியின் மைத்துனர் முன் சீட்டில். அவர் வாணியம்பாடி தாண்டுவதற்குள் தூங்கியவர், ஒசூரில்தான் கண்ணைத் திறந்தார். தொழுகைக்கு நான் அரை அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். பிரயாணத்தில் நான்கு ரக்அத்தை, அதாவது நான்கு சுற்றுத் தொழுகையை, இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம், உன் புரோகிராம் எங்கள் இமாமைவிடக் கண்டிப்பாக இருக்கிறதே என்று ஆப்பா கிண்டல் செய்தார். லாட்ஜில் என் பென்சில் அம்பு அழியாமல் அப்படியே இருந்தது. பதினொரு பேரும் அதன் பக்கம் திரும்பி வரிசையாக நின்றபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் நாள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டோம். மறுநாள் அரண்மனை பார்த்துவிட்டு, பசியோடு மதியம் அந்த ஓட்டலுக்குப் போனோம். திரைக்குள் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போலச் சமையலறையை ஒரு பார்வை பார்க்கப் போனேன். அங்கே இரண்டு பெரிய பாத்திரங்களில் வேறு ஏதோ ஓட்டலின் பேர் வெட்டியிருந்தது. சமையல்காரரைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஓட்டல்காரப் பெரியவர் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார், இன்றைக்குக் கூட்டம் தாங்கவில்லை, அதனால் கோழிக்குழம்பை எதிர்ப்புற மிலிட்டரி ஓட்டலிலிருந்து வாங்கிவிட்டோம் என்றார். அதுவும் அசைவ ஓட்டல்தான், ஆனால் முஸ்லிம் ஓட்டல் இல்லை. அங்கே கோழியை எப்படி அறுத்தார்கள் என்று அவருக்கும் தெரியாது.

தப்பு என்னுடையதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு பெரியவருக்குத் தேதி சொல்லிக் கடிதம் போட்டதோடு சரி. கம்பெனிச் சரக்கென்றால் கிளம்பும் முந்தின நாள் தந்தி கொடுத்து உறுதி செய்யாமல் தூங்க மாட்டேன். இங்கே ‘பாஸ்’ என்று அடித்த மிதப்பில் இருந்துவிட்டேன். சாம்பிள் ஒன்று, வந்த சரக்கு வேறு. எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட பேர் கிடையாது.

நான் தயங்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், அப்பவே சொன்னோமே என்று ஆண்கள் ஆரம்பிப்பார்கள். இந்தப் பதினொரு பேருக்கும் இதுவே முதலும் கடைசியுமான பயணமாகிவிடும். திரையை விலக்கிப் பார்த்தேன். இலையில் சோறும் குழம்பும் விழுந்திருந்தது. ஆப்பா பிஸ்மில்லா சொல்லி, முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தார்.

“ஆப்பா, சாப்டாதீங்க. நான் பாஸ் பண்ண கோழி இல்ல இது.”

நடந்ததைச் சொன்னேன். ஆப்பா கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்.

“நீ சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது ஆப்பா.”

“அப்ப இன்னாத்துக்குச் சொன்னே?”

“கையெழுத்துப் போட்டவ நான்தானே.”

அவர் எழுந்து கை கழுவினார். பின்னாலேயே பத்துப் பேரும் எழுந்தார்கள். மிருகக்காட்சி சாலைப் புல்தரையில் உட்கார்ந்து ரொட்டி, வாழைப்பழம், வெள்ளரிக்காய், வேகவைத்த கடலை என்று கிடைத்ததைத் தின்றோம். அவர்கள் குரங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னால்தான் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம், சமையல்காரர் சொல்லி விஷயம் தெரிந்து, ஓட்டல்காரப் பெரியவர் கல்யாண வீட்டுச் சட்டையோடு லாட்ஜுக்கு ஓடி வந்தார். கூடவே அவர் மனைவி வீட்டில் சமைத்த பிரியாணி ஒரு சட்டி நிறைய வந்தது. கோழியைத் தன் கையாலேயே அறுத்ததாகப் பெரியவர் சொன்னார். எங்கள் பெண்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ஆம்பூருக்கு ஒரு படி கம்மிதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அன்றைக்கு அப்போதுதான் நான் சிரித்தேன்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கப்பட்டணம். சுல்தானின் சமாதியில் அவர்கள் ஃபாத்திஹா ஓதும்போது நான் வெளியே மர நிழலில் நின்றேன். திரும்பி வந்த ஆப்பா, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, உன் சர்ச் என்னாயிற்று என்று கேட்டார். பரவாயில்லை ஆப்பா என்றேன். உண்மையில் புரோகிராம் அடிக்கும்போது எனக்கென்று ஒரு வரி போடவே தோன்றவில்லை.

ஊர் வந்ததும் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். எனக்கு முன்னால் ஆப்பா முந்திக்கொண்டார். “எல்லாம் ஃபஸ்ட் கிளாஸ். ஒரே ஒரு அயிட்டம் ரிஜெக்ட். வாய்க்குப் போறதுக்கு முன்னாடியே உன் டைப்பிஸ்ட் புட்ச்சிட்டா.” என்ன நடந்ததென்று முதலாளி என்னைக் கேட்டார். தந்தி கொடுக்க மறந்தது உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் அக்காவைப் பார்த்து, “அடுத்த வருஷம் எந்த ஊரு?” என்றார்.

அடுத்த வருடம் பெங்களூர் என்று முடிவாயிற்று. புரோகிராம் போட நான் உட்காருவதற்குள் ஆப்பாவே ஆபீசுக்கு வந்துவிட்டார். கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள், முழுக்க உருது எழுத்து. பெண்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து போட்டார்களாம். எனக்கு உருது படிக்கத் தெரியாது. அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, நான் அடித்துக்கொண்டே வந்தேன். வெள்ளி, லால்பாக். சனி, கடைத்தெரு. அடுத்த வரிக்கு அவர் குரல் மாறவே இல்லை.

“ஞாயிறு. காலைல ஏழு மணி. சர்ச்சு, டைப்பிஸ்டுக்கு. நாங்க வேன்ல உக்காந்திருப்போம்.”

என் விரல் நின்றுவிட்டது. எனக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டாம், அங்கே தமிழ் ஆராதனை எங்கே, எத்தனை மணிக்கு என்றுகூட எனக்குத் தெரியாதே என்று இழுத்தேன்.

“தமிழ் ஆராதனதான். எங்க சின்னம்மா மருமக அங்கதான் இருக்கா. போன ஞாயித்துக்கெழம வாசல்ல போய் நின்னு விசாரிச்சுட்டு வந்தா. சாம்பிள் பாத்தாச்சு, நீ டைப் பண்ணு.”

எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அந்த ஒரு வரியில் மூன்று இடத்தில் தப்பாக அடித்துவிட்டேன். என் சர்வீஸிலேயே திருத்தாமல் விட்ட தாள் அது ஒன்றுதான்.

சொன்னபடியே செய்தார்கள். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சர்ச் வாசலுக்கு எதிரே வேன் நின்றது. பதினொரு பேரும் உள்ளே இருந்தார்கள். முன் சீட்டில் மைத்துனர் தூங்கிக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் ஆப்பா, அவசரமாக முடித்துக்கொண்டு வந்துவிட்டாயா, முழுசாக இருந்தாயா என்று கேட்டார். முழுசாக இருந்தேன் என்றேன். சரி, பாஸ் என்றார்.

அந்தத் தாளின் கார்பன் காப்பி இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், யாரோடாவது வெளியூர் கிளம்பினாலும், இவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவது எதுவாக இருக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். கேட்காமலேயே எனக்கென்று ஒரு வரி எழுதி, அதற்கும் சாம்பிள் பார்த்து வைத்த அந்தப் பதினொரு பேரோடு வேனில் போனவள் என்ற கர்வம் எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.