நூம்பல் கிணற்றில் ஆறு வாரம்

1989 மே மாதம், கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருடம் நான் படித்த படிப்பை அது நான்கு வரியில் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டது.

சபையாருக்கு வந்தனம். என் பெயர் ரூத். சாட்சி சொல்கிறவர்கள் முதலில் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது வராது. போன மாதம் ஒருவர் ஆவடி ஸ்டேஷனில் ஓடிப்போய் ரயில் பிடித்ததை அற்புதம் என்று அரை மணி நேரம் சொன்னார். அவர் சீக்கிரம் கிளம்பியிருந்தால் ஆண்டவருக்கு ஒரு வேலை மிச்சமாகியிருக்கும். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன், பிறகு பக்கத்திலேயே கோவில்பதாகைக்கு வந்தோம். பி.எஸ்சி. முடித்ததும் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. நிலவியல், சுரங்கம், பூமி சம்பந்தமான படிப்புகள், இவற்றுக்காகவே நடக்கிற பல்கலைக்கழகம். ரயிலில் இரண்டு நாள் போகவேண்டும். அந்த வருடம் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

துறைத் தலைவர் முதல் நாளே என்னைப் பார்த்து, "உனக்குச் சமையல் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இந்த மனிதர் பூமியின் வயதைக் கோடி கோடியாகச் சொல்லுவார். அவர் மூளை மட்டும் எந்தக் காலத்தில் இறுகிப்போனது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமும் தேர்வில் நான்தான் முதல். அது அவருக்கு வயிற்றெரிச்சல்.

கடைசிப் பருவத்தில் எல்லோரும் ஆறு வாரம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால் என்னை மேலே ஆபீஸில் உட்காரவைத்தார்கள். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. பரீட்சையும் எழுதிவிட்டு ஊருக்கு வந்தேன். பின்னாலேயே கடிதம். தரைமட்டத்துக்குக் கீழே ஆறு வாரப் பயிற்சியை நான் முடிக்காததால் பட்டம் தர இயலாது.

சேர்க்கும்போது நான் பெண் என்பது தெரியாதா? இரண்டு வருடம் ஃபீஸ் கட்டினபோது கண் தெரியவில்லையா? ஆவடி தபால் ஆபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். துறைத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ ஜெபம் செய்கிற பெண்தானே? சட்டத்தை மாற்றச் சொல்லி உன் கடவுளிடம் கேள்." போனை வைத்துவிட்டார்.

வீட்டில் சாவு விழுந்தது போல் இருந்தது. அம்மா திருநெல்வேலிக்காரி, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "உங்கப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல பாத்துக்க. பொட்டப்பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புனியேன்னு ஃபேக்டரியில எல்லாரும் கேக்காங்களாம்" என்றாள்.

நம் சபை மூப்பர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். இப்போது அவர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு என் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் பணிவைத் தாரும், ஏற்ற கணவனைத் தாரும்" என்று ஜெபித்தார். நான் கேட்டது பட்டம். அவர் விண்ணப்பம் போட்டது மாப்பிள்ளைக்கு. அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவில்லை.

தனியாக உட்கார்ந்து ஜெபித்தேன். அழகான ஜெபம் என்று நினைத்துவிடாதீர்கள். "ஆண்டவரே, அந்த ஆளைப் புழுதியில் தள்ளும். எனக்கு ஒரு வழி காட்டும். காட்டாவிட்டால் இனிமேல் உம்மிடம் பேசமாட்டேன்" என்றேன். மூன்று நாள் காலையில் சாப்பிடவில்லை. அதில் பாதி விசுவாசம், பாதி வீம்பு.

மூன்றாம் நாள் மத்தியானம் மேரி அக்கா வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்தில் தூங்குகிற மேரி அக்காதான். அவர் வீட்டுக்காரர் தாஸ் அண்ணன் கிணறு வெட்டுகிறவர். நான் அதுவரை அந்த அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசியதில்லை. என் தகுதிக்கு அவர் ஈடில்லை என்று நினைத்திருந்தேன்.

"பாப்பா, நீ மண்ணு படிச்சிக்கிறியாமே? எங்க ஊட்டுக்காரரு நூம்பல்ல ஒரு கம்பெனிக்குக் கெணறு எடுக்கறாரு. எத்தினி அடில இன்னா மண்ணு வருதுன்னு தெனமும் இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கணுமாம். எழுதிக்கினு இருந்த ஆளு ஓடிட்டான். நீ வந்து எழுதறியா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். எம்.எஸ்சி. படித்தவள் கிணற்றில் கூலிக்காரர்களோடு நின்று கணக்கு எழுதுவதா? "வேறு ஆளைப் பாருங்கள்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியிருக்கமாட்டார். கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று கையில் எடுத்தேன். கிழிக்குமுன் ஒருமுறை படித்தேன். 'தரைமட்டத்துக்குக் கீழே' என்று இருந்தது. 'சுரங்கம்' என்ற வார்த்தையே இல்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. மெத்தப் படித்தவர்கள் எழுதிய விதி, சுரங்கம் என்று எழுதவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டம் சுரங்கத்துக்குத்தான். தண்ணீருக்காக வெட்டுகிற கிணறு சுரங்கம் இல்லை. அதில் நான் இறங்கலாம், அதுவும் தரைமட்டத்துக்குக் கீழேதான்.

செருப்புப் போடாமல் ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார் மேரி அக்கா. "அக்கா, நான் வரேன். ஆனா மேல உக்காந்து எழுதமாட்டேன். கீழ இறங்குவேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொடவை கட்டிக்கினு எறங்க முடியாதும்மா. அவரோட பழைய பேன்ட்டு ஒண்ணு கீது, தரேன்" என்றார்.

ஜூன் முதல் வாரம் ஆரம்பித்தேன். ஆவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, வேலப்பன்சாவடியில் இறங்கி நடப்பேன். பதினைந்தடி அகலக் கிணறு. மேலே இருபதடிக்குச் செங்கல் சுவர். அதற்குக் கீழே வெறும் மண். தாஸ் அண்ணன் தினமும் காலையில் எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார். விளக்கு அணையாவிட்டால்தான் ஆள் இறங்கலாம். கெட்ட காற்றைப் பற்றி எங்கள் துறைத் தலைவர் மூன்று நாள் பாடம் எடுத்தார். விளக்கை எப்படி இறக்கிப் பார்ப்பது என்று தாஸ் அண்ணனிடம்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் வாரம் அவருக்கு என்னைக் கண்டாலே ஏளனம். "இன்னாம்மா, மண்ணைப் போயி ரெண்டு வருசம் படிச்சியா? நா பொறந்ததுலேர்ந்து அதுக்குள்ளதான் கீறேன்" என்பார். எனக்கும் அவர்மேல் அப்படித்தான். சிவப்பு மண், களிமண், முப்பதடியில் இரண்டடி மணல், அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிப்பாறை. எல்லாவற்றையும் அளந்து எழுதினேன். ஐந்தாம் வாரம் அந்தப் பாறையைத் தட்டிப் பிளந்தபோது உள்ளே ஒரு இலை பதிந்திருந்தது. நரம்பு நரம்பாக, யாரோ பென்சிலால் வரைந்த மாதிரி. கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தின இலை. தாஸ் அண்ணன் அதை வாங்கி நரம்புமேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இத்தினி நாளா இதெல்லாம் ஒடைச்சித் தூக்கிப் போட்டுக்கினு இருந்தேனா?" என்றார்.

ஆறாம் வாரம், வியாழக்கிழமை. கீழே நாங்கள் நான்கு பேர். நான், தாஸ் அண்ணன், இரண்டு வேலையாட்கள். மணல் அடுக்கிலிருந்து எப்போதும் தெளிவாகக் கசிகிற தண்ணீர் அன்றைக்குக் கலங்கி வந்தது. கையில் பிடித்தேன். உள்ளங்கையில் மணல் தங்கியது. தண்ணீர் உள்ளேயிருந்து மணலை அரித்துக்கொண்டு வருகிறது, மேலே இருக்கிற மண் எந்த நேரமும் விழும் என்று புரிந்தது.

"அண்ணா, எல்லாரும் மேல ஏறுங்க! இப்பவே!"

"இன்னும் நாலு கூடைதான் கீது. முடிச்சிட்டு ஏறலாம்."

"முடிக்க நீங்க இருக்கமாட்டீங்க. ஏறுங்கண்ணா!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ மொதல்ல ஏறும்மா" என்றார்.

ஏணியில் ஏறினேன். "ஆண்டவரே, இந்த மூணு பேர் ரத்தப்பழி என்மேல் வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. துறைத் தலைவரைப் புழுதியில் தள்ளச் சொன்னவள் நான். அந்த நேரத்தில் அந்த ஆள் ஞாபகத்திலேயே இல்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். தாஸ் அண்ணன் செங்கல் சுவர் வரை ஏறியிருப்பார். கீழே சத்தம். மணல் அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து, நாங்கள் நின்ற இடத்தை ஆள் உயரத்துக்கு மூடிவிட்டது.

அவர் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "நீ படிச்சது வீணில்லம்மா" என்றார். எனக்குப் பட்டம் கிடைத்தது அந்த இடத்தில்தான். காகிதம் பிறகு வந்தது.

சரிந்த மண்ணை எடுத்து, சிமெண்ட் உறை இறக்கி, மேலும் ஒரு வாரம் வேலை செய்தோம். பல்கலைக்கழகப் படிவத்தில் 'பயிற்சி அளித்தவர்' என்ற இடத்தில் தாஸ் அண்ணன் கையெழுத்துப் போட்டார். தமிழில். 'ம. தாஸ், கிணறு வெட்டுபவர்.'

படிவத்தை அனுப்பினேன். செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்கு வாய்மொழித் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். துறைத் தலைவர் அந்தப் படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். வயதானவர்.

"இது சுரங்கமா?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"இல்லை சார். சுரங்கமாக இருந்தால் நான் இறங்கியிருக்கக்கூடாதே. உங்கள் விதியில் தரைமட்டத்துக்குக் கீழே என்றுதான் இருக்கிறது. நாற்பத்திரண்டு அடி ஆழம் வரை இறங்கி ஏழு வாரம் வேலை செய்திருக்கிறேன்."

தேர்வாளர் சிரித்துவிட்டார். பிறகு மணல் சரிந்த நாளின் குறிப்பை இரண்டு முறை படித்தார். இலை பதிந்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "நூம்பல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். படிவத்தைத் துறைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். துறைத் தலைவர் கையெழுத்துப் போடும்போது பேனாவில் மை இல்லை என்றார். என் பேனாவைக் கொடுத்தேன். வாழ்த்துச் சொல்லவில்லை. பேனாவையும் திருப்பித் தரவில்லை.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது நிலத்தடி நீர் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அந்த மனிதரை மன்னித்துவிட்டேன் என்று மேடையில் பொய் சொல்லமாட்டேன். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். அதற்காகவும் எனக்காக ஜெபியுங்கள். ஆண்டவர் அவரைப் புழுதியில் தள்ளவில்லை. என்னைத்தான் இறக்கினார், நாற்பத்திரண்டு அடி. அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

நான் மாறியது ஒன்றில்தான். ஆண்டவரிடம் வழி கேட்டேன். அவர் மேரி அக்காவை அனுப்பினார். நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். கடிதத்தை இன்னொரு முறை படிக்காமல் கிழித்திருந்தால், ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று இன்றைக்கும் உங்கள் முன்னால் அழுதுகொண்டிருப்பேன். கிணற்றில் அந்த மூன்று பேரும் மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

நீங்களும் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவர் கேட்கிறார். கேட்டுவிட்டு, இந்தச் சபையில் உங்களுக்கு யாரைப் பார்த்தால் இளக்காரமோ, அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று முழுவதும் கேளுங்கள்.